உறையில் இட்ட வாள்: பழவேற்காடும் நம் தோல் வரலாறும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில், உப்பங்கழி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது பழவேற்காடு. வெளியூரிலிருந்து வருவோர் ஏரியைப் பார்ப்பர். பருவமாயின் பூநாரைகளைப் பார்ப்பர். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். பிறகு இறாலும் நண்டும் வாங்கிக்கொண்டு திரும்புவர். அக்கல்லறைகளில் கிடப்போர் இவ்வூரில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று கேட்போர் குறைவு. துணி வாங்கினர் என்பது பாதி விடை. வெடிமருந்து அரைத்தனர் என்பது மீதி.

1610இல் விஜயநகர அரசரின் இசைவோடு இங்கே வணிக நிலையம் அமைத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. 1690 வாக்கில்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கே ஒரு வெடிமருந்து ஆலை இயங்கியது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அரைத்துக் கலந்த மருந்து இங்கிருந்து பத்தாவியாவுக்கும், கீழைக் கடல்களில் அவர்களுக்கு இருந்த பிற கோட்டைகளுக்கும் கப்பலேறியது. அதே துறையிலிருந்து நம் மண்ணின் மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக ஏற்றப்பட்டனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டின் பழைய செல்வத்தைப் பேசும்போது பலரும் அதை விட்டுவிடுகின்றனர்.

துணியின் கதை நம் குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். மலாய் நாட்டில் கட்டமிட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலேக்காட்' என்றே பெயர். பெலேக்காட் என்பது பழவேற்காடு. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ உறவினர் உள்ள வீடுகளில் இச்சொல்லைக் கேட்டிருப்போம். துணியோடு கூடச் சென்ற இன்னொரு சரக்கு அந்த அளவுக்கு நினைவில் தங்கவில்லை. அது திருக்கை மீனின் தோல்.

சில வகைத் திருக்கைகளின் முதுகில், மற்ற மீன்களுக்கு உள்ளதுபோன்ற செதில் இராது. முத்துகளை நெருக்கிப் பதித்தாற்போலச் சிறு மணிகள் நிறைந்திருக்கும். அம்மணிகள் பல்லுக்கு நிகரான கடினம் உடையவை. தோல் காய்ந்தபின் மரத்தோடு ஒட்டினால் மரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கை வியர்த்தாலும் மழை நனைத்தாலும் வழுக்காது. ஜப்பானியப் போர்வீரர்கள் தம் வாட்பிடியை இத்தோலால் போர்த்தி, அதன்மேல் நாடாவை இறுக்கிச் சுற்றினர். மணிகளைத் தேய்த்து, அரக்கு பூசி, மெருகேற்றி வாளுறைகளுக்கும் போர்த்தினர். இதற்கு வேண்டிய தோலின் பெரும்பகுதி அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்தே வந்தது: சயாமிலிருந்து, சம்பாவிலிருந்து, நம் சோழமண்டலக் கரையிலிருந்து. 1609 முதல் ஹிராடோவிலும் 1641 முதல் நாகசாகியை ஒட்டிய தெஷிமா தீவிலும் கடை விரித்திருந்த டச்சுக்காரர்கள் இந்த வணிகத்தில் முன்னின்றனர். மீன்தோல் மட்டுமன்று. சோழமண்டலத்திலிருந்து சென்ற, சுருக்கம் விழுந்த பதனிட்ட தோல் ஒன்றுக்கு ஜப்பானியர் 'சந்தோமே' தோல் என்று பெயரிட்டனர். நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான் அந்தச் சந்தோமே.

வரலாற்று நூல்கள் வாளைப் பேசும், துப்பாக்கியைப் பேசும், அவற்றை மூடிய தோலைப் பற்றிப் பெரும்பாலும் பேசா. ஆயினும் தோலின்றி ஆயுதம் ஒருநாளும் பயணம் செய்ததில்லை. அக்காலத்து ஐரோப்பியப் போர்க்கப்பல்களில் வெடிமருந்தைத் தோல் வாளிகளில் தூக்கிச் செல்வது வழக்கம். இரும்பு வாளி உரசினால் பொறி பறக்கும்; ஒரு பொறி போதும். குதிரைவீரனின் கைத்துப்பாக்கிகள் சேணத்தின் முன்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கிய தோலுறைகளில் இருந்தன. அவ்வுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹோல்ஸ்டர்' என்ற சொல்லே 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். நமக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. வாளுக்கும், தலையணைக்கும், கடிதத்துக்கும், துப்பாக்கிக்கும் தமிழில் 'உறை' என்ற ஒரே சொல் போதுமானதாயிருந்தது. துப்பாக்கி என்ற சொல்தான் துருக்கியிலிருந்து வந்தது.

அரபியரும் வாட்பிடிக்குச் சொரசொரப்பான தோலைப் போர்த்தி வந்தனர். பழைய அரபு அகராதிகளில் 'ஸஃபன்' என்ற சொல்லுக்கு வாட்பிடியின்மேல் போர்த்தும் கரடுமுரடான தோல் என்றே பொருள் தரப்பட்டிருக்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக்குழுவோடு சென்று, 1763இல் யமனில் காய்ச்சலால் இறந்த இயற்கையியலார் ஃபோர்ஸ்கால், செங்கடலில் கண்ட ஒரு திருக்கைக்கு அங்கே வழங்கிய பெயரையே அறிவியல் பெயராக எழுதி வைத்தார். 1775இல் அவருடைய குறிப்புகள் அச்சேறின. 'செஃபென்' என்ற அப்பெயர் இன்றுவரை அந்த மீனுக்கு நிலைத்திருக்கிறது. அதே மீன் நம் வங்கக் கடலிலும் உண்டு. அரபியர் பெயரிட்ட தோல், தமிழ்க் கரையில் உரிக்கப்பட்டு, டச்சுக் கப்பலில் ஏறி, ஜப்பானிய வாளில் முடிந்தது.

இங்கே நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் ஒரு வேறுபாட்டை நினைவுகூர்வது பொருந்தும். கடல் மீன் இறந்த நிலையிலும் தூய்மையானது. எனவே அதன் தோலைப் பயன்படுத்தப் பதனிடுதல் என்ற நிபந்தனை இல்லை. வாட்பிடியின் திருக்கைத் தோலும் உண்மையில் பதனிட்ட தோலன்று. கழுவிச் சுரண்டிக் காயவைத்ததுதான். தரை விலங்கின் நிலை வேறு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டாருக்குத் தர்மமாகக் கிடைத்த ஓர் ஆடு செத்துப்போனபோது, அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி ஸஹீஹான நூல்களில் பதிவாகியுள்ளது. செத்த விலங்கின் தோலையும் பதனிடுதல் தூய்மையாக்கும் என்ற சட்டம் இதனை ஒட்டி அமைந்தது. எதைக் கொண்டு பதனிடுவது என்பதில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. வெயிலில் உலர்த்துவதும் மண்ணிடுவதும் போதும் என்பர் ஹனஃபிகள். துவர்ப்பும் காரமும் உள்ள பொருளால் தோலின் ஈரத்தையும் அழுகலையும் நீக்கினால்தான் அது பதனிடுதல் என்பர் ஷாஃபிஈகள். நபிமொழியில் இதற்கெனக் கூறப்படும் பொருள் 'கரழ்'. அது வேறொன்றுமன்று, கருவேல மரத்தின் காய். நம் ஊர்ப் பொட்டலில் நிற்கும் அதே நாட்டுக் கருவேலம்தான். பிற்காலத்தில் வந்து நிலத்தை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலம் அன்று.

துவர் என்பது மீனவக் குப்பங்களுக்கும் புதிதன்று. நைலான் வருமுன், பருத்தி நூலிலும் சணலிலும் பின்னிய வலைகள் உப்புநீரில் சீக்கிரம் மக்கிப்போகும். ஆகவே மரப்பட்டையையோ பனிச்சங்காயையோ இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்த்துத் துவரேற்றுவர். தோலை அழுகாமல் காப்பதும் வலையை மக்காமல் காப்பதும் ஒரே துவர்தான். வலைக்குத் துவரேற்றிய கைக்கும் தோலுக்குத் துவரேற்றிய கைக்கும் ஊரார் தந்த மதிப்பு மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இஸ்லாமிய வரலாற்றில் உறைக்கு எத்தகைய இடம் இருந்தது? ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628இல் ஹுதைபியாவில் எழுதப்பட்ட உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். முஸ்லிம்கள் அவ்வாண்டு திரும்பிச் சென்று மறு ஆண்டு உம்ராவுக்கு வரலாம். ஆனால் ஆயுதங்களை 'ஜுலுப்பான்' என்ற உறையில் இட்டே மக்காவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஜுலுப்பான் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, உறையும் அதனுள் இருப்பதும் என்று விடை தரப்பட்டதாக புகாரீ நூலில் காண்கிறோம். வாளை அதன் உறையோடு வைக்கும் தோற்பை அது என அறிஞர்கள் விளக்குவர். இரு தரப்பினர் ஒருவரையொருவர் நம்ப இயலாத நேரத்தில் நம்பிக்கைக்கு அடையாளமாக நின்றது ஒரு தோலுறை. ஆயுதத்தை விட்டுவிட்டு வா என்பது அன்றைய பாலைவனத்தில் நடவாத பேச்சு. உறையிலிட்டு வா என்பது நடக்கக்கூடியது. மறு ஆண்டு அவ்வாறே நடந்தது.

அலீ (ரலி) அவர்களின் வாளுறையைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு மட்டும் தனியாக எதையேனும் அறிவித்துச் சென்றார்களா என்று மக்கள் கேட்டனர். குர்ஆனும் இந்த ஏட்டில் உள்ளதும் தவிர வேறெதுவும் இல்லை என்று அவர் கூறி, தம் வாளுறையில் வைத்திருந்த ஏட்டை வெளியே எடுத்தார். அதில் இருந்தவை கொலைக்கு ஈடாகத் தரவேண்டிய இழப்பீடு, கைதிகளை விடுவித்தல், மதீனாவின் புனித எல்லை போன்ற சட்டங்கள். வாளை ஓங்கும் கை எதை மறக்கக் கூடாதோ அதுவே வாளின் உறைக்குள் இருந்தது.

உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அம்புகளோடு பள்ளிவாசலிலோ சந்தையிலோ செல்வோர் அம்பின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், விளையாட்டுக்காகக்கூட ஆயுதத்தை இன்னொருவரை நோக்கி நீட்டக் கூடாது என்றும் அறிவுறுத்தியுள்ளார்கள். இன்று துப்பாக்கி வைத்திருப்போருக்குப் பயிற்சியாளர்கள் கூறும் முதல் விதிகளும் இவையே: குழல் எவரையும் நோக்கக் கூடாது, விசை மூடியிருக்க வேண்டும். நல்ல உறையின் வேலை விசையை மூடுவதும், ஓடினாலும் குனிந்தாலும் ஆயுதம் விழாமல் பிடித்துக்கொள்வதும்தான்.

அந்த உறையைத் தைத்த கைகளுக்கு வருவோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோலைப் பதனிட்டவர், தைத்தவர், அதில் வந்த வருவாயைத் தர்மம் செய்தவர். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் தோலைத் தேய்த்துப் பதப்படுத்திக்கொண்டிருந்தார் என்ற செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே தமக்குப்பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்ததால், அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்துக்கொண்டனர். ஹிஜ்ரி 20இல் முதலில் மறைந்தவர் உருவத்தில் சிறியவரான ஸைனப். உழைத்துக் கொடுத்த கையே நீண்ட கை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கிற்று. தோலின் நாற்றம் கையில் ஏறிய ஒருவர் நம்பிக்கையாளர்களின் அன்னை. நபி (ஸல்) அவர்களே தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டவர்கள். இதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்; தோல் தைப்பவர் நம் வீட்டுத் திண்ணையில் அமரலாமா என்ற கேள்வி எழுந்த ஊர்களிலும் கேட்டோம்.

தமிழக முஸ்லிம்களுக்கும் தோலுக்கும் உள்ள உறவு ஆழமானது. சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகள், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், திண்டுக்கல், திருச்சி என்று தோல் பதனிட்ட ஊர்களின் பெயர்களே நம் சமுதாயத்தின் ஒரு வரைபடம். ஆவாரம் பட்டையில் துவரேற்றி, கடுக்காயில் முடித்து, அரைப்பதத்தில் இலண்டனுக்கு அனுப்பிய 'கிழக்கிந்தியத் தோல்' உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்த வணிகத்தில் வந்த செல்வம் வீணாகவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிபின் பெயரால் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்து அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் 1965இல் அவ்வூரில் ஒன்று எழுந்தது. நம்முள் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரி, ஆட்டுத்தோல் கட்டிய கட்டடத்தில் படித்தவர்.

ஆயினும் அரைப்பதத் தோல் என்ற சொல்லிலேயே ஒரு குறை இருக்கிறது. பாதி வேலை இங்கே, மீதி வேலை அங்கே. 1858இல் வட இந்தியப் போர் ஒன்றில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தளபதி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாகத் தோள்மீது குறுக்கே செல்லும் வார் ஒன்றை இடுப்பு வாரோடு இணைத்துக்கொண்டார். வாளுறையையும் துப்பாக்கி உறையையும் தாங்கிய அந்த வார் அவர் பெயராலேயே உலகப் படைகளெங்கும் பரவியது. நம் காவல்துறை உயர் அதிகாரிகளின் அணிவகுப்புச் சீருடையில் அதை இன்றும் காணலாம். இந்தியாவில் பிறந்த இவ்வாரும் உறையும் சேணமும் கான்பூரில் 1860களில் தொடங்கிய அரசுத் தொழிற்சாலையிலும் இங்கிலாந்தின் பட்டறைகளிலும் உருவாயின. நம் ஊர்கள் தோலை அனுப்பிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போரில், 1916 முதல், சென்னை மாகாணத்து அரைப்பதத் தோலை அரசே வாங்கிக்கொண்டது. படைவீரரின் பூட்சுக்கு மேல்தோல் அதிலிருந்து வெட்டப்பட்டது. சென்ற தோலுக்கு எடைக்கணக்கில் விலை. திரும்பிவந்த பொருளுக்கு வேலைப்பாட்டின் விலை. 1973இல் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி மத்திய அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகே ஆம்பூரும் வாணியம்பாடியும் காலணியாகவும் கைப்பையாகவும் தைத்து அனுப்பும் ஊர்களாக மாறின. அந்த மாற்றத்தை அன்றே பல வணிகர் எதிர்த்தனர். எதிர்த்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று காலணித் தொழிற்சாலை நடத்துகின்றனர்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம் கணக்குப் புத்தகங்களில் ஏறவில்லை. சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று தோலை மிதித்தவர்கள், மயிர் மழித்தவர்கள், கொழுப்பைச் சீவியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நம் இளைஞர்கள் அதைப் படிக்க வேண்டும். நம் முதலாளிகளுக்கு இனிக்காத பக்கங்களும் அதில் உண்டு. பாலாற்றின் நீர் கெட்டதும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அதற்குக் காரணமான ஆற்றங்கரையில் நம் பள்ளிவாசல்களும் இருந்தன. ஒளூவுக்கு நீர் இறைத்த கிணறுகள் அங்கே உப்பேறின. கல்லூரி கட்டியதை விழாவெடுத்துச் சொல்லும் நாம் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒரு சிறு செய்தி. அண்மை ஆண்டுகளில் குர்பானித் தோலின் விலை வீழ்ந்துவிட்டது. மத்ரஸாக்களின் ஆண்டு வருவாயில் ஒரு பங்காக இருந்த தோல், சில இடங்களில் எடுத்துச் செல்ல ஆளின்றிப் புதைக்கப்படுகிறது. செயற்கைத் தோலின் வரவு, ஏற்றுமதியின் தளர்ச்சி, அறுப்போரின் கவனக்குறைவால் விழும் கத்தி வெட்டுகள், உப்பிடத் தாமதித்தல் எனக் காரணங்கள் பல. குர்பானித் தோலை அறுத்தவருக்குக் கூலியாகத் தரக் கூடாது. விற்று நாமே உண்ணக் கூடாது. ஆனால் பதனிட்டு நம் வீட்டிலேயே பயன்படுத்திக்கொள்ள இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மக்கள் தம் குர்பானி ஆட்டின் தோலில் தண்ணீர்த் துருத்தி செய்துகொண்டனர் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். அனுமதி இருக்கிறது, ஆவாரை வேலியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது, செய்யத் தெரிந்த கை மட்டும் இல்லை.

அமெரிக்காவில் வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை வைத்து, ஓய்வு நேரத்தில் துப்பாக்கிக்குத் தோலுறை தைப்போர் ஏராளம். நம் நாட்டில் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மோகம் தேவையுமில்லை. ஆனால் அவர்கள் கையாளும் தொழில்முறை நம் பழைய முறையே. குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது. சட்டைக்கும் காலணிக்கும் ஏற்றது. நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது. மரப்பட்டையால் பதனிட்ட தடித்த மாட்டுத்தோலை நீரில் நனைத்து, ஆயுதத்தின்மேல் வைத்து விரலால் அழுத்தி, நிழலில் உலர்த்தினால் அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு ஓரத்தில் குத்தூசியால் சீரான இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் செலுத்தித் தைப்பர். இயந்திரத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே அவிழக்கூடும். இத்தையலில் அடுத்த கண்ணி தாங்கும்.

இதே உறையைக் குர்பானிக் கத்திக்குத் தைக்கலாம். நம் வீடுகளில் அக்கத்தி ஆண்டு முழுவதும் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணில் கிடக்கிறது. எடுக்கும்போது எவர் விரலையேனும் பதம் பார்க்கிறது. ஆட்டுத்தோல் தனியே நின்றால் கத்தியுறைக்கு மெல்லியது. இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, நடுவே கத்தியின் கூர்வாய் படும் ஓரத்தில் தடித்த தோல் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் போதும். பழவேற்காட்டு மீனவரின் மீன் வெட்டும் கத்திக்கும் இது பொருந்தும். திருக்கைத் தோலை நாடுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: முட்கள் நிறைந்த ஒரு திருக்கை உட்படச் சில இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. முன்னாளில் வாட்பிடிக்கு விரும்பப்பட்ட தோலுள் அந்த முள்திருக்கையின் தோலும் ஒன்று.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகப் பனையோலையில் பெட்டியும் கொட்டானும் பின்னுகின்றனர். ஓலையைச் சன்னமாகக் கிழித்துச் சாயமேற்றி அவர்கள் பின்னும் பெட்டி கடைக்கு வரும்போது விலை கூடுகிறது. பின்னிய கைக்கு வருவது சிறு பங்கே. ஆயினும் வீட்டை விட்டுப் போகாமல், சமையலுக்கும் தொழுகைக்கும் இடையில், தாய் மகளுக்குச் சொல்லித்தந்து காத்த கைத்தொழில் அது. கடலோரத்தில் அந்த ஒன்று பிழைத்ததற்குக் காரணம், அதைச் செய்வது இழிவு என்று எவரும் சொல்லாததுதான். தோலுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. ஸைனப் (ரலி) அவர்கள் வீட்டிலிருந்தபடி செய்த அதே வேலை நம்மிடம் வந்தபோது வணிகம் மட்டும் நமக்கென்றும், வேலை இன்னொருவருக்கென்றும் பிரிந்துவிட்டது.

வரும் துல்ஹஜ்ஜில் முயல்வோருக்கு: தோலை உரித்தவுடன் விரித்து, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவி, சில மணி நேரத்துக்குள் உட்புறம் முழுவதும் கல்லுப்பைத் தேய்த்துவிட வேண்டும். தோலின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்பு வேண்டும். இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ. மடித்து நிழலில் வைத்தால் பல நாள் கெடாது. தொழுகை விரிப்பாக்க விரும்பினால் மயிரை விட்டுவிடலாம். கத்தியுறைக்கு வேண்டுமெனில் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து மயிரை நீக்கி, சுண்ணாம்பு போக நன்றாக அலச வேண்டும். அதன்பின் இடித்த ஆவாரம் பட்டையின் சாறு, முதலில் நீர்த்ததாக, பிறகு நாளுக்கு நாள் கெட்டியாக. அவசரப்பட்டு முதல்நாளே கெட்டிச் சாற்றில் இட்டால் தோலின் மேற்புறம் இறுகிவிடும். துவர் உள்ளே இறங்காது. ஓரத்தில் சிறிது வெட்டிப் பார்த்து, வெட்டுவாய் முழுவதும் ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் வெளியே எடுத்து, எண்ணெய் தடவி, நிழலில் இழுத்துக் கட்டிக் காயவிடலாம்.